மிளகாய் அரைத்த அம்மாளும் ஆகாப் ராஜாவும்

மாங்காய் சீசன் ஓய்ந்து இடவப்பாதி மழை இறங்குவதற்கு முன்னால் பாலக்காட்டு முதலமடைப் பக்கம் நற்செய்திக் கூட்டங்கள் நடக்கும். ஆட்கள் கையில் நாலு காசு இருக்கும் நேரம் அது. கோயம்புத்தூரிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒரு பிரசங்கியார் வருவார். மூன்று ராத்திரி கூட்டம் என்றால் அதில் ஒரு ராத்திரி எலியா தீர்க்கதரிசிக்கு என்று ஆகிவிட்டது. கர்மேல் மலை, பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர், வானத்திலிருந்து விழுந்த நெருப்பு. சொல்லச் சொல்லப் பிரசங்கியாரின் விரல் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாரியம்மன் கோயிலை நோக்கி நீளும். சபையார் 'ஆமென்' என்பார்கள்.

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவன். மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்: அந்த விரல் தப்பான பக்கம் நீள்கிறது.

எலியா கர்மேலில் பேசியது அயல் சாதியாரிடம் இல்லை. தங்கள் கடவுளான யாவேயின் ஜனம் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட இஸ்ரவேலரிடம். எத்தனை நாள் இரண்டு பக்கமும் நொண்டிக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டது சொந்த ஆட்களைப் பார்த்து. ஜனங்கள் அதற்கு ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை என்று வேதம் குறித்து வைத்திருக்கிறது.

பாகாலைக் கும்பிட்ட நாடு சீதோன். எலியா அங்கேயும் போனார். நெருப்பு இறக்கப் போகவில்லை, பிழைக்கப் போனார். பஞ்சகாலம். சாறிபாத் என்ற ஊரில் ஒரு விதவை வீட்டில் தங்கினார். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் வைத்திருந்தவள், இருந்ததில் முதல் அடையை அவருக்குச் சுட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டு மாடத்தில் எந்தச் சாமி இருந்தது என்று வேதாகமம் சொல்லவில்லை. எலியா கேட்டதாகவும் இல்லை. அவள் வாயில் வருவது 'உம்முடைய தேவன்' என்ற பேச்சுத்தான். அவள் பிள்ளை மூச்சற்றுக் கிடந்தபோது, அவனை மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் கிடத்தி எலியா கடவுளைக் கூப்பிட்டு ஜெபித்தார். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்து இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் இந்த விதவையை நினைவுபடுத்தினார். அதைக் கேட்ட ஊர்க்காரர்கள் அவரை மலை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தி உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்திருக்கிறது.

சரி, இஸ்ரவேலர் ஏன் பாகாலிடம் போனார்கள்? கூட்டங்களில் கேட்டால், புத்தி கெட்ட ஜனம், கல்லையும் மரத்தையும் கும்பிட்ட ஜனம் என்று முடித்துவிடுவார்கள். மழையை நம்பிப் பிழைக்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எகிப்தில் நைல் நதி இருந்தது. விதைத்துவிட்டு வாய்க்காலைத் திருப்பினால் போதும். கானான் மலைநாடு வேறு மாதிரி. உபாகமம் 11-ஆம் அதிகாரம் இந்த இரண்டு நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது: இனி நீங்கள் போகிற தேசம் வானத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிற தேசம். கோடையில் அங்கே மாதக்கணக்காக ஒரு சொட்டு விழாது. நம்முடைய ஐப்பசி வாக்கில் முன்மாரி வந்தால்தான் உழவு. பங்குனி வாக்கில் பின்மாரி வந்தால்தான் கதிர் முற்றும். ஒன்று தப்பினாலும் பாறையில் வெட்டிய தொட்டியில் கிடக்கும் தண்ணீரை எண்ணி எண்ணிக் குடிக்க வேண்டும்.

கேரளம் என்றால் எங்கும் மழை என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். சித்தூர் தாலுக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காய்ந்து கிடக்கிற பூமி இது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அது வந்ததா, குறைந்ததா என்பதுதான் எங்கள் டீக்கடை அரசியல். பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. அங்கே 2000-ல் வந்த கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மயிலம்மா என்ற எரவாளர் பழங்குடிப் பெண் போராட்டத்தில் முன்னால் உட்கார, ஊர் பின்னால் உட்கார்ந்தது. 2004-ல் ஆலை நின்றது. தண்ணீர் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடிவயிறு கலங்கும்.

மாமரம் இன்னும் மோசம். கார்த்திகை, மார்கழியில் பூ. இந்தியாவின் மற்றத் தோப்புகள் காய்க்கும் முன்னால் எங்கள் காய் வடக்கே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த முந்துதலில்தான் விலை. பூத்திருக்கும்போது இரண்டு நாள் மேகம் மூடினால் போதும், அல்போன்சா பூவெல்லாம் கருகிப் போகும். இலைப்பேன் ஏறிவிட்டதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தில் ஒரு தடவை அடிக்க வேண்டிய மருந்தை மூன்று தடவை அடிப்பார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் எதைக் கலக்கினார் என்று விசாரித்து, அதையும் கொஞ்சம் கலந்து அடிப்பார்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து காசர்கோட்டுக் கதை மட்டும் இல்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தி வைக்கும் முன்னால் இந்தத் தோப்புகளும் அந்த வாடை கண்டவைதான்.

இதே பயத்தில்தான் பாகால் வருகிறான். அவன் யார் என்பது முன்பு பெரும்பாலும் வேதாகமத்தை வைத்துத்தான் தெரியும். 1928-ல் சிரியாவின் கடற்கரையில் ஒரு விவசாயியின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் முட்டியது. மறு வருஷம் தோண்டத் தொடங்கியபோது உகரித் நகரமும் களிமண் பலகைகளும் கிடைத்தன. அந்தப் பலகைகளில் பாகால் மேகத்தில் ஏறி வருகிற மழைத் தெய்வம். மரணத்தின் கையில் சிக்கிக் கீழே போவான், பூமி காயும். திரும்பி வருவான், நிலம் நனையும். உழுகிறவன் இந்தக் கதையை எப்படி விடுவான்? யாவே பாலைவனத்தில் நடத்திக்கொண்டு வந்த கடவுள். யுத்தத்தில் கூட நின்றவர். ஆனால் மேட்டுக்காட்டில் கோதுமை போடுவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்ற சந்தேகம் இருந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் பல தலைமுறையாக மழைக்கு யாரைக் கேட்கிறார்களோ அவரையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் என்ன?

ஆக, யாவேயை விட்டுவிட்டு அவர்கள் போகவில்லை. அவரை வைத்துக்கொண்டே இன்னொருவரைச் சேர்த்தார்கள். சவுல் ராஜாவின் பிள்ளைகள் பெயரைப் பாருங்கள். ஒருவன் யோனத்தான், அதில் யாவே இருக்கிறார். இன்னொருவன் எஸ்பால், அதில் பாகால். சமாரியா அரண்மனைப் பகுதியில் 1910-ல் கிடைத்த பானை ஓடுகள், திராட்சரசமும் எண்ணெயும் வந்ததற்கான ரசீதுகள். அவற்றில் யாவே பெயர் கொண்டவர்களும் பாகால் பெயர் கொண்டவர்களும் கலந்தே வருகிறார்கள். 1975-76-ல் சீனாய் பாலைவனத்தில் குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தைத் தோண்டியபோது ஒரு பெரிய சாடி அகப்பட்டது. சுமார் கி.மு. 800-ஐச் சேர்ந்தது. யாரோ ஒருவருக்கு ஆசி சொல்லும் எழுத்து அதில் இருந்தது: சமாரியாவின் யாவே பெயராலும் அவருடைய அஷேராவின் பெயராலும். அந்த அஷேரா ஒரு தேவியா, ஒரு மரக்கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். இரண்டில் எதுவானாலும், தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியக் கத்தியது ஏன் என்று விளங்குகிறது.

இதைப் படிக்கும் இந்து நண்பர் கேட்பார்: சேர்த்துக் கும்பிட்டால் என்ன கெட்டுப் போச்சு? வீட்டில் குலதெய்வம், ஊரில் மாரியம்மன், வருஷத்துக்கொரு தடவை பழனி, கஷ்டம் வந்தால் வேளாங்கண்ணி. நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு வழக்கத்தைத் தீர்க்கதரிசிகளின் தராசில் வைத்து நிறுக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் சீனாய் மலை அடிவாரத்தில் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இஸ்ரவேலர் கொடுத்தார்கள். ஓசியா தீர்க்கதரிசி அதைக் கல்யாணமாகவே பேசுகிறார்: தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தது கட்டினவன் என்று தெரியாமல், கள்ளப் புருஷர்கள் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனவளின் கதை.

அந்த வாக்கில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். வேறு தேவர்கள் கூடாது என்று ஆரம்பிக்கும் அதே சட்டத்தொகுப்பு, கூலிக்காரனின் கூலியை அன்றைக்குப் பொழுது சாயும் முன்னால் கொடுத்துவிடச் சொல்கிறது. விதவையின் வஸ்திரத்தை அடகு வாங்காதே என்கிறது. நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது, ஏனென்றால் நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் குடியிருப்பவர்கள் என்று லேவியராகமத்தில் யாவே சொல்கிறார். ஒரே கடவுள் என்றால் ஒரே கணக்குப் புத்தகம். பூசைக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது கடவுளைச் சேர்க்கும்போது கதவுக்குள் வருவது ஒரு சிலை மட்டும் இல்லை, இன்னொரு கணக்கும் வருகிறது.

கர்மேல் மலைக் கதை 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி நாபோத் கதை வருகிறது. ஒலிபெருக்கியில் நான் அதை அவ்வளவாகக் கேட்டதில்லை.

அந்தக் கதையில் வரும் இஸ்ரவேலின் ராஜா ஆகாப் சின்ன ராஜா இல்லை. கி.மு. 853-ல் கர்கார் போரில் அசீரியாவை எதிர்த்து நின்ற கூட்டணியில் அவன் 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டு வந்ததாக எதிரியான அசீரிய ராஜா சல்மனாசாரே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஆகாப் யாவேயை மறுத்தவனும் இல்லை. அவன் பிள்ளைகள் அகசியா, யோராம் என்ற பெயர்களில் யாவே இருக்கிறார். அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா, யாவேக்குப் பயந்தவன். கூடவே, சீதோன் ராஜா மகள் யேசபேலைக் கட்டி, சமாரியாவில் பாகாலுக்கும் ஒரு கோவில் கட்டினான். இரண்டு பக்கமும் சுமுகம்.

அவன் அரண்மனைக்குப் பக்கத்தில் யெஸ்ரயேலில் நாபோத்துக்குத் திராட்சைத்தோட்டம் இருந்தது. கீரைத்தோட்டம் போட ராஜா அதைக் கேட்டான். பணம் தருகிறேன் அல்லது இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்றான். பிதாக்களின் சுதந்தரத்தை நான் கொடுப்பது நடக்காது என்றான் நாபோத். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கட்டிலில் படுத்தான். யேசபேலுக்கு இது புரியவே இல்லை. ராஜா கேட்டு ஒரு குடியானவன் இல்லை என்பதா?

இதற்கு அப்புறம் நடந்ததை மெதுவாகப் படிக்க வேண்டும். யேசபேல் சேவகரை அனுப்பி நாபோத்தை வெட்டச் சொல்லவில்லை. பாகாலின் பூசாரிகளைக் கூப்பிடவில்லை. ராஜ முத்திரை போட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினாள்: உபவாசம் கூறுங்கள். நாபோத்தைச் சபையில் முன்னால் உட்கார வையுங்கள். இரண்டு சாட்சிகளை நிறுத்துங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்லட்டும். உபவாசம் யாருக்கு? யாவேக்கு. இரண்டு சாட்சி வேண்டும் என்பது யாருடைய சட்டம்? மோசேயின் சட்டம். தேவதூஷணத்துக்குக் கல்லெறிவது யாருடைய தண்டனை? அதுவும் அதே புத்தகம்தான். பெரியவர்கள் கடிதத்தில் கண்டபடியே செய்தார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் கல்லெறிந்தார்கள். ஒருத்தரும் முணுமுணுத்ததாக இல்லை. சடங்கு முழுக்க யாவே பெயரில் நடந்தது. தோட்டம் பாகாலின் ராஜாவுக்குப் போனது.

அந்தத் தோட்டத்தில் ஆகாப் இறங்கி நிற்கும்போதுதான் எலியா மறுபடி வருகிறார். கர்மேலில் வந்த கோபத்தைவிட இது பெரிய கோபம் என்பது என் வாசிப்பு. ஆகாப் வீட்டுக்கு விழுந்த சாபம் இந்தத் தோட்டத்தில் விழுந்தது. பின்னால் படைத்தலைவன் யெகூ அந்த வம்சத்தை அழித்தபோதும் ஆகாப் மகன் யோராமின் பிணம் எறியப்பட்டது நாபோத்தின் நிலத்தில்தான்.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களையும் சபையையும் அடையாளம் சொல்ல மாட்டேன். மாங்காய் ஷெட்டில் தரம் பிரித்து, வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிற ஓர் அம்மாள். சபைக்கு ஒழுங்காக வருகிறவர். சீசன் முடிந்தும் மூன்று வாரக் கூலி பாக்கி. ஷெட் நடத்துகிறவரும் அதே சபைதான், முன்வரிசை பெஞ்சு. கேட்டபோதெல்லாம் 'டெல்லிக்காரன் இன்னும் பணம் போடல, நாளைக்கு வா' என்று பதில். அந்த அம்மாள் ஒருநாள் கோவிந்தாபுரத்தில் பஸ் மாறி ஆனைமலைக்குப் போனார். மாசாணியம்மன் கோவிலில் நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள் என்பது இந்தச் சுற்று வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரும் அரைத்துப் பூசிவிட்டு வந்தார்.

யாரோ பார்த்து வந்து சொல்லிவிட்டார்கள். கமிட்டி கூடியது. விக்கிரகாராதனை என்று தீர்மானம் எழுதி, திருவிருந்திலிருந்து அவரை நிறுத்தி வைத்தார்கள். அதே மாதம் அறுப்பின் பண்டிகை. ஏலத்தில் ஷெட்காரர் ஒரு பூசணிக்காயை யாரும் எதிர்பார்க்காத விலைக்கு எடுத்தார். கைதட்டல்.

அந்த அம்மாளிடம் பேசினேன். "ஏனுங்க அம்மிணி, நம்ம சாமிகிட்டயே கேட்டிருக்கலாமல்லோ?" என்றேன்.

"கேக்காமலா இருந்தேன்? சாமிகிட்டயும் சொன்னேன், போதகர் அய்யருகிட்டயும் சொன்னேன், கமிட்டிகிட்டயும் சொன்னேன். அங்க போயி அம்மாகிட்டயும் சொன்னேன். யாரு மொதல்ல காது கொடுக்குறாங்களோ கொடுக்கட்டும்" என்றார்.

வேதத்தின் கறாரான கணக்கில் அவர் நொண்டினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் நொண்டியது ஏமாற்றப்பட்டவரின் தவிப்பில். முன்வரிசைக்காரர் நொண்டியது சௌகரியத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடவுள், சனிக்கிழமை கூலி நாளில் இன்னொரு கடவுள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அம்மாளின் பெயர் மட்டும். கூலி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அடுத்த சீசன் தொடக்கத்தில், பெட்டி கட்ட ஆள் கிடைக்காத நேரத்தில் வந்தது. யார் காது கொடுத்தார்கள் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் பாகால் எது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சாதி என்பேன். அதுவும் பயத்தில் சேர்த்துக்கொண்டதுதான். நாளைக்குப் பெண் எடுக்க வேண்டுமே, சுடுகாட்டுக்கு நாலு பேர் வர வேண்டுமே என்ற பயம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்குப் பீடம் ஒன்று; அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து போகும் மண்டபம். ஒன்றில் வெள்ளாளர், ஒன்றில் நாடார், நடுவில் சுவர். இரண்டு பக்கத்துக்கும் பூசை தெரிந்தது, ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எலியா கேட்ட கேள்வியைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். 1910 வாக்கில் பாதிரியார் நடுச்சுவரை இடித்தபோது ஊர் கொந்தளித்து நீதிமன்றம் வரை போனது.

கத்தோலிக்கரை மட்டும் சொன்னால் எங்கள் சீர்திருத்தச் சபையார் சந்தோஷப்படுவார்கள். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே, அறவே விட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியைப் பிடித்துக்கொண்டு சபையை விட்டார்கள். அதற்கு முன்பே, தனி இருக்கை வழக்கங்களில் கைவைத்த இளைய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி எழுதிய அதே சாஸ்திரியார். அவர் பாட்டுகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். பக்தி குறைந்தவர் என்று எந்த வாயால் சொல்ல முடியும்? பக்தி நிறைய இருந்தது. பாகாலும் உள்ளே இருந்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எவ்வளவோ எழுதியிருக்கின்றன. உளுந்தூர்பேட்டைப் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில், ஒரே மாதாவைக் கும்பிடுகிற இரண்டு சாதியார் மோதி, போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். எங்கள் முதலமடை பஞ்சாயத்துக்குள்ளேயே இருக்கிறது கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயிலும் எங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்குள்ள சக்கிலியர் குடும்பங்கள் 2017-ல் வெளியே சொன்னபோது திருவனந்தபுரம் வரை பேச்சானது. அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த நாட்களில் எங்கள் கூட்டப் பந்தலில் எலியா வழக்கம்போல மாரியம்மனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காலனியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

இந்த இடத்தில் சிலருக்கு, இதை எழுதுகிறவர் எந்தச் சாதி என்று கேட்கத் தோன்றும். தோன்றினால், அதைப் பற்றித்தான் இவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தின் வாதம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், எரேமியா தீர்க்கதரிசியே மறைக்கவில்லை. எருசலேம் விழுந்து, தப்பியவர்கள் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவர் அங்கேயும் கண்டித்தார். பெண்களும் அவர்கள் புருஷன்மாரும் நேருக்கு நேர் பதில் சொன்னார்கள்: வானராக்கினி என்ற தேவிக்குத் தூபம் காட்டின காலத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டோம், அதை நிறுத்தியதிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும். சரித்திரத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னது பொய் இல்லை. விக்கிரகங்களை வளர்த்த மனாசே 55 வருஷம் ஆண்டான். எல்லாவற்றையும் உடைத்துச் சுத்தம் செய்த யோசியா கி.மு. 609-ல் மெகிதோவில் எகிப்தியர் கையில் செத்தான். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் தேசமே போனது. 'விக்கிரகத்தை விட்டால் வியாபாரம் செழிக்கும், நோய் தீரும்' என்று மேடையில் வாக்குக் கொடுக்கிறவர்கள் எரேமியா 44-ஐ ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். லாபக் கணக்குப் போட்டால் அந்தப் பெண்கள் ஜெயித்திருப்பார்கள்.

அதே எரேமியா, தேவாலயம் இடியாமல் நின்ற நாளில் அதன் வாசலிலேயே நின்று கேட்டது இன்னொன்று. திருடி, கொலை செய்து, பாகாலுக்குத் தூபம் காட்டிவிட்டு, இங்கே வந்து நின்று 'தப்பினோம்' என்கிறீர்களே, இது என்ன கள்ளர் குகையா? அவர் அடுக்கும் குற்றங்களில் திருட்டும் தூபமும் ஒரே மூச்சில் வருவதைக் கவனியுங்கள். பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருங்கள் என்பது அதற்கு முந்திய வசனங்களில் இருக்கிறது. பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது பொருளாசையையே விக்கிரகாராதனை என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு விண்ணப்பம். வருகிற வருஷம் பிரசங்கியாருக்கு எழுதும்போதே, 1 இராஜாக்கள் 18-ஐ ஒரு தடவை விட்டுவிட்டு 21-ஐ எடுக்கச் சொல்லுங்கள். இங்கே எரவாளர், மலசர் குடும்பங்களில் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் தோப்பில் வேலை செய்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பிரசங்கம் தானே அமையும்.

இரண்டாவது: அறுப்பின் பண்டிகை ஏலம் தொடங்கும் முன்னால், தோப்போ ஷெட்டோ நடத்துகிற சபையார் ஒவ்வொருவரும் கூலி பாக்கி எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி அய்யரிடம் கொடுக்க வேண்டும், பாக்கி உள்ளவர் ஏலம் கேட்கக் கூடாது. இதை நான் சபைக் கூட்டத்தில் சொன்னேன். ஏல வருமானம் பாதியாகக் குறைந்துவிடும் என்றார் பொருளாளர். குறையலாம். ஒரு வருஷம் செய்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.